பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள்

ஜூன் 12, திங்கள்

இந்த நோட்டைப் பயிற்சி மையத்தில் இன்று கொடுத்தார்கள். முன்பக்கத்திலிருந்து அன்றன்று படித்ததை எழுத வேண்டுமாம். சார் பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம். பின்பக்கத்திலிருந்து எனக்காக எழுதிக்கொள்கிறேன். எங்கேயாவது கொட்டாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருக்கிறது.

எங்கள் நூல் மில்லை மூடி மூன்று மாதம் ஆகிறது. பத்தொன்பது வருஷம் ஸ்பின்னிங்கில் நின்றவளுக்கு கேட்டில் ஒட்டிய ஒரு தாள்தான் பதில். அதுவும் பாதி கிழிந்த தாள். அதே முதலாளியின் இரண்டாவது மில் வேடசந்தூர் ரோட்டில் ஜோராக ஓடுகிறது. அங்கே எங்களை எடுக்கவில்லை. முப்பது வயதுக்கு மேல் வேண்டாமாம். எனக்கு நாற்பத்து மூன்று.

அரசாங்கச் செலவில் மூன்று மாதம் தொழில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று முத்தழகுதான் வந்து சொன்னாள். அவளும் எங்கள் மில்காரிதான், என்னைவிடப் பத்து வயது சின்னவள். பாடம், உடுப்பு, மதியச் சாப்பாடு எல்லாம் இலவசம். கடைசியில் தேர்வு. தேறினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் கம்பெனியில் வேலை. போய் நின்றோம்.

பெயர் எழுதுகிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். யாருக்குப் புரியும்? மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

"டெய்லரிங் போட்டுறவாக்கா? பொம்பளைக எல்லாம் அதுலதான் சேர்றாக."

"நூலு மூஞ்சியில இனிமே முழிக்கிறதா இல்ல. அந்த ஏசி மெக்கானிக் இருக்குல்ல, அதுல போடு."

"அது பசங்க படிக்கிறதுக்கா. ஏணி ஏறணும், கரண்டு வேல."

"பத்தொம்பது வருசம் கரண்டு மிசினுக்கு நடுவுலதான் நின்னேன். எழுது."

எழுதினாள். ஏன் ஏசி என்று முத்தழகு கேட்டாள். எங்கள் மில்லில் குளிர்ந்த அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மேனேஜர் அறை. வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை வரிசையாக அதற்குள் விடுவார்கள், ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட. போட்டவுடன் வெளியே. அந்த அரை நிமிஷக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பத்தொன்பது வருஷமாகத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போகிறேன்.

ஜூன் 14, புதன்

பருப்பு கருகிவிட்டது. குக்கர் விசிலே அடிக்கவில்லை. கேஸ்கெட் போய்விட்டது போல. கடைக்காரன் நல்ல கேஸ்கெட் என்று சத்தியம் பண்ணி விற்றான். நாளைக்கு அவனுக்கு இருக்கிறது.

ஜூன் 19, திங்கள்

வகுப்பில் இருபத்திரண்டு பேர். பெண்கள் நானும் முத்தழகும்தான். மற்றதெல்லாம் மீசை முளைக்கிற வயசு. நான் உள்ளே போனவுடன் ஒருவன், கூட்டுகிற அக்கா என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டான். அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.

சொல்லிக் கொடுப்பவர் அருள்ராஜ் சார். முப்பது வயதுதான் இருக்கும். கெட்டிக்காரர்தான், ஆனால் பெரிய குறை ஒன்று உண்டு. பலகையைப் பார்த்துப் பேசுகிறார். திரும்பிப் படம் போட்டபடியே பாதிப் பாடத்தைச் சுவருக்குச் சொல்லிவிடுகிறார். சம்பளம் சுவரா கொடுக்கிறது? முன்பக்கத்தில் நான் எழுதியது பாதிப் பக்கம்கூட வரவில்லை. பக்கத்துப் பையன் பக்கம் பக்கமாக எழுதுகிறான். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறானோ என்னவோ.

இந்தக் காலத்தில் எல்லோரும் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், டிவியில் செய்தி வாசிக்கிறவர், எல்லோருமே வாய்க்குள் கொழுக்கட்டை. டிவி சத்தத்தை நான் கூட்டினால் என் மகள் இலக்கியா வந்து குறைக்கிறாள்.

ஜூன் 27, செவ்வாய்

இன்று வகுப்பை விட்டு வெளியே அனுப்பினார்! என்னை! பள்ளிக்கூடத்தில்கூட வெளியே நின்றதில்லை.

நடந்தது இதுதான். மில்லில் வாயால் பேச முடியாது. ஆயிரம் நூற்புக் கதிர் சுற்றுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் பிரயோஜனமில்லை. அதனால் எங்களுக்குக் கைப்பேச்சு உண்டு. காலரைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். விரலை முறுக்கினால் இழை அறுந்துவிட்டது. கட்டை விரலை உள்ளங்கையில் தேய்த்தால் ஆபீசில் கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார்கள். சோறு, தண்ணீர், தலைவலி, மாமியார் சண்டை, மேனேஜருக்குப் புது மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் உண்டு. கையும் உதடும் சேர்ந்தால் ஒரு ஷிப்டு முழுக்கக் கதை பேசலாம்.

சார் பலகைக்குத் திரும்பினார். நான் முத்தழகைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கையால் கேட்டேன். அவள் கையால் பதில் சொன்னாள். சார் சட்டென்று திரும்பினார்.

"என்னக்கா, எனக்குப் பின்னாடி டான்ஸ் ஆடுறீங்களா? ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க."

வராந்தாவில் நின்றோம். முத்தழகு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் வயசுப் பையன்கள் சன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் முத்தழகு அவரிடம் போய் விளக்கினாளாம். சார் அரிச்சுவடி மாதிரி ஒவ்வொரு சைகையாகச் செய்து காட்டச் சொன்னாராம். நான் போகவில்லை. எனக்கு ரோஷம் இருக்கிறது.

ஜூலை 3, திங்கள்

ரோட்டில் பைக்கில் வந்த ஒருவன் என் முதுகை உரசுகிற மாதிரி வந்து நின்று, "செவுடா நீ? எத்தன ஹாரன் அடிக்கிறது?" என்று கேட்டான். அவன் வண்டியில் ஹாரனே கிடையாது. இருந்தால் அடித்திருப்பான் இல்லையா? கேட்டேன் நாலு கேள்வி நறுக்கென்று. கூட்டம் கூடிவிட்டது. முத்தழகு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் என்னை ரோட்டோரப் பக்கமாகவே நடக்கவிட்டாள்.

ஜூலை 11, செவ்வாய்

இன்று நல்ல நாள். எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே மறந்துவிடும்.

பழுதான வெளி யூனிட்டுகள் நான்கை முற்றத்தில் வைத்து, எது என்ன பழுது என்று கண்டுபிடிக்கச் சொன்னார் சார். கம்ப்ரசர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள், உறுமுகிறதா, தட்டுகிறதா என்றார். பையன்கள் எல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. எதற்கு? நேராகப் போய் உள்ளங்கையை வைத்தேன். முதலாவது துடித்துத் துடித்து நின்றது, கிளம்பவே இல்லை. கெப்பாசிட்டர். இரண்டாவதில் போல்ட் தளர்ந்து யூனிட்டே ஆடியது. மூன்றாவது வெறும் சூடு, துடிப்பே இல்லை, கம்ப்ரசர் சிக்கிக்கொண்டது. நான்காவதில் விசிறியின் ஒரு சிறகு உரசுகிறது.

நான்கும் சரி. மில்லில் மிஷின் உடம்பைத் தொட்டே பேரிங் போகப் போகிறதென்று சொல்லிவிடுவோம், இது என்ன பிரமாதம்?

"எப்படிக்கா?" என்றார் சார்.

"கை சொல்லுது."

அவர் தன் கையை வைத்துப் பார்த்தார். பையன்களையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அன்றைக்குக் காலைத் தூக்கிக்கொண்ட பயல் இன்று, "அக்கா, எனக்கும் சொல்லித் தாங்க" என்று பின்னாலேயே வந்தான். வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தார். "அப்படிப் போடு" என்றார். சிக்கன் எடுத்து வந்தார்.

ஜூலை 20, வியாழன்

எல்லோருடைய நோட்டையும் வாங்கிப் போய்விட்டார்! கையெழுத்துப் போடவாம். பின்பக்கம் ஞாபகம் வந்தபோது அவர் வண்டி ஏறிவிட்டார். இதைத் தனித் தாளில் எழுதுகிறேன், பிறகு ஒட்டிக்கொள்வேன். "பெரிய குறை" என்று அவரைப் பற்றி எழுதியதும் அதில்தான் இருக்கிறது. படித்தால் படிக்கட்டும். பொய்யா எழுதினேன்?

ஜூலை 24, திங்கள்

நோட்டு வந்துவிட்டது. முன்பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில், "படங்கள் நன்று. குறிப்புகள் பாதிதான் உள்ளன" என்று எழுதியிருக்கிறார். பின்பக்கத்தைத் தொட்ட அடையாளம் இல்லை.

ஒரு ஆச்சரியம். சார் இப்போதெல்லாம் முதலில் படத்தைப் போட்டு முடித்துவிட்டு, பிறகு எங்கள் பக்கம் திரும்பி நின்று பேசுகிறார். யாராவது புகார் செய்திருப்பார்கள். நல்லது. இன்று முன்பக்கத்தில் மூன்று பக்கம் எழுதினேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

அரசுப் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி மாட்டக் கூட்டிப் போனார்கள். பாடத்துக்குப் பாடம், பள்ளிக்கூடத்துக்கும் வேலை. செம்புக் குழாயின் வாயைப் பூ மாதிரி விரித்து நட்டை இறுக்குவது என் வேலை. ஒரு பொட்டுக் கசிவு இல்லை. சோப்பு நுரை போட்டுப் பார்த்தார்கள், ஒரு குமிழி வரவில்லை.

உள்ளே ஒருவர், வெளியே மொட்டை மாடி விளிம்பில் ஒருவர், நடுவில் மூடிய கண்ணாடிச் சன்னல். பையன்கள் போனில், "ஹலோ, ஹலோ, ஆன் பண்ணவா, ஆஃப் பண்ணவா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் முத்தழகும் கண்ணாடி வழியாகக் கையாலேயே முடித்துவிட்டோம். புதுச் சாமான்களுக்கெல்லாம் சைகை கண்டுபிடித்துவிட்டோம். கன்னத்தை உள்ளே இழுத்தால் வேக்குவம். கன்னத்தை உப்பினால் கேஸ். மற்றவர்கள் பாதி முடிக்கும்போது நாங்கள் டீ குடித்தோம்.

ஆகஸ்ட் 9, புதன்

சாப்பாட்டில் உப்பு இல்லை. சாம்பாரில் காய் இல்லை. எல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

மருத்துவமனை, கல்லூரி, மில் என்று பல இடங்களில் ஏசி பார்க்கிற கம்பெனி ஒன்று எங்கள் வகுப்பிலிருந்து ஆள் எடுக்கப் போகிறதாம். தேர்வில் தேறினால் போதாதாம், உடல் பரிசோதனையும் உண்டாம். கண், காது, பிரஷர்.

ஏசி மாட்டுவதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? ஏசி பாட்டா பாடுகிறது? கண்ணைச் சோதி, நியாயம். கையைச் சோதி, அதைவிட நியாயம். மில்லில் ஒவ்வொரு வருஷமும் கையெழுத்து வாங்கிய தாள் உடம்பு நல்லா இருக்கிறது என்பதற்காம், யாரோ சொன்னார்கள். என் கையெழுத்தே இருக்கிறது. பிறகு எதற்கு இன்னொரு பரிசோதனை?

எனக்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

கேஸ்கெட் மாற்றியும் குக்கர் விசில் அடிக்கவில்லை. குக்கரையே மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

வகுப்புக்கு இனிப் போவதில்லை என்று சொன்னேன். மூட்டு வலி என்றேன். என் வீட்டுக்காரர் நம்பவில்லை.

இவருக்கு விசித்திரமான பழக்கங்கள் உண்டு. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கதவு நிலையைத் தவில் மாதிரி தட்டுவார். இல்லாவிட்டால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். மகளும் அப்படித்தான், தோளைத் தொடாமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இன்றும் விளக்கை அணைத்துப் போட்டார். திரும்பினேன்.

"ஏ நாகு, எதுக்குப் பயப்படுற?"

"எனக்கென்ன பயம்? இருவத்திரெண்டு பேருல நான்தான் நல்லா செய்யிறேன்னு சாரே சொன்னாரு."

"அப்புறம் என்ன? நான் எதுக்கு இந்த லைட்ட அணைச்சு அணைச்சுப் போடுறேன்னு என்னைக்காச்சும் நெனச்சுப் பாத்தியா?"

அடுப்படியில் வேலை இருந்தது. போய்விட்டேன். சுரைக்காய் நறுக்கினேன். பின்னால் அவர் இன்னும் ஏதாவது சொன்னாரா, தெரியாது.

நாளைக்கு வகுப்புக்குப் போவேன். முத்தழகு தனியாக ஏணி பிடிக்க முடியாது.

செப்டம்பர் 12, செவ்வாய்

தேர்வு. எல்லாவற்றையும் எழுதப் போகிறேன்.

வெளியூரிலிருந்து தேர்வு நடத்த ஒருவர் வந்திருந்தார். ஜலதோஷமாம், மூக்கு முதல் தாடை வரை முகக்கவசம். செய்முறை முதலில். ஓடாத யூனிட்டைக் கொடுத்தார்கள். கையை வைத்தேன், கெப்பாசிட்டர். அதிலுள்ள மின்சாரத்தை முதலில் இறக்கிவிட்டு, மாற்றி, ஓட்டிக் காட்டினேன். தேர்வாளர் தலையை ஆட்டினார். முத்தழகும் முடித்துவிட்டாள், வாய்மொழிக் கேள்விக்கு எனக்கு அடுத்த ஆளாக வாசலில் நின்றாள்.

அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். முகக்கவசம் லேசாக அசைந்தது, நின்றது. கேள்வி கேட்டுவிட்டார் போலிருக்கிறது.

முதல் கேள்வி கசிவைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று, "சோப்பு நுரை" என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். மறுபடி துணி அசைந்தது. "ஏணி ஏற ரெண்டு பேர் இருக்கணும்" என்றேன். பேனாவால் ஏதோ கோடு கிழித்தார். மூன்றாம் முறையும் அசைந்தது. மூன்று மாதம் படித்ததெல்லாம் தொண்டை வரை நிற்கிறது, எதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. அந்தத் துணியைப் பிடித்து இழுக்கலாமா என்று தோன்றியது.

அவர் முதுகுக்குப் பின்னால் வாசல் தெரிந்தது. முத்தழகு கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். பிறகு உப்பினாள். பிறகு கையை விரித்தாள். கேஸ் நிரப்புவதற்கு முன் வேக்குவம் போடுவது ஏன்?

அதுதானா! வாயைத் திறந்தேன். அதற்குள் தேர்வாளர் திரும்பிவிட்டார். முத்தழகின் கன்னம் இன்னும் உப்பியே இருந்தது.

எழுந்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இழுத்தார். இப்போது பார், ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

"சைகையில காப்பியா? ரெண்டு பேர் தேர்வும் ரத்து. வெளிய போங்க."

அருள்ராஜ் சார் ஓடி வந்தார். முத்தழகு அழுகிறாள். அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, அந்த வழியில் போனால் கம்பெனி வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டால் முத்தழகின் தேர்வும் போய்விடும்.

"சார், அவ பதில் சொல்லல. கேள்விய சொன்னா. எனக்குக் காது கேக்காது."

இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். ஆனால் வந்ததை இனி உள்ளே தள்ள முடியாது.

"நீங்க மூஞ்சிய மூடிக்கிட்டுப் பேசுனா எனக்கு ஒண்ணும் தெரியாது. உதட்டப் பாத்தாத்தான் தெரியும். மில்லுல போச்சு. எனக்குத் தெரிஞ்சு பத்து வருசமாச் செவுடு."

தேர்வாளர் என்னையே பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?"

"சொன்னா வேல குடுப்பீங்களா? எவனாச்சும் குடுத்திருக்கானா? சொல்லுங்க!"

நான் கத்திவிட்டேன். எப்போதுமே கத்தித்தான் பேசுகிறேன் என்று பிறகு முத்தழகு சொன்னாள். அருள்ராஜ் சார் முன்னால் வந்தார். "எனக்குத் தெரியும் சார். அவங்க நோட்டுல நான் பலகைய பாத்துப் பேசுனது ஒண்ணுகூட இருக்காது, அவங்க பக்கம் திரும்பி நின்னு பேசுனது மட்டும் இருக்கும். நான்தான் உங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்கணும். தப்பு என்மேல."

தெரியுமாம்! இரண்டு மாதமாகத் தெரியுமாம்! புகாராம் புகார், யாரும் செய்யவில்லை. எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது. எல்லோருக்கும் தெரிந்ததை நான் மட்டும்தான் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

தேர்வாளர் முகக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். முத்தழகைத் தள்ளி நிற்கச் சொன்னார். நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, தும்மிக்கொண்டே பத்துக் கேள்வி கேட்டார். வேக்குவம் ஏன்? உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க. எடுக்காவிட்டால்? ஈரம் சின்னக் குழாயில் உறைந்து அடைக்கும், கம்ப்ரசர் போகும். பத்துக்கும் பதில் சொன்னேன். கடைசியில் அவராகவே ஒரு கேள்வி கேட்டார், புத்தகத்தில் இல்லாதது. "கம்ப்ரசர் தட்டுறது கையில எப்படித் தெரியும்?" அவர் கையைப் பிடித்து யூனிட் மேல் வைத்துக் காட்டினேன்.

இரண்டு பேரும் தேறிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இலக்கியா ஆறாப்புப் படிக்கையில. கதவுக்கு வெளிய நின்னு ஒரு மணி நேரம் கூப்பிட்டிருக்கு பிள்ள. மழையில நனஞ்சு போச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சண்டைக்கு வருவ."

வந்திருப்பேன். மூலையில் இருந்த பழைய கேஸ்கெட் இரண்டையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். அந்தக் கடைக்காரனை நான் பேசிய பேச்சு! மகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நனைந்தது அவள், அழுதது நான்.

செப்டம்பர் 20, புதன்

பெரியாஸ்பத்திரியில் காது பரிசோதனை. கண்ணாடி வைத்த ஒரு பெட்டி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நானும் பொத்தானில் விரலை வைத்து, ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன். நடுவில் இரண்டு மூன்று தடவை ஏதோ கேட்டது, அழுத்தினேன். அதன் பிறகு அமைதி. இன்னும் காத்திருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றார்கள்.

டாக்டர் அம்மா தாளைப் பார்த்தார். நல்லவர், முகத்தைக் காட்டிப் பேசினார். போனது திரும்ப வராதாம். கருவி வைத்தால் கொஞ்சம் உதவுமாம், அரசாங்கத்திலேயே கிடைக்குமாம், எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"மில்லுல வருசா வருசம் காது டெஸ்ட் எடுத்திருக்கணுமே. காதுல வைக்கிற அடைப்பான் குடுத்திருக்கணுமே."

"எடுக்கலம்மா."

"அப்ப கையெழுத்து கேட்டிருப்பாங்களே?"

குளிர் அறை. வரிசை. அரை நிமிஷம். தாளின் மேல்பாதியைக் கையால் மறைத்தபடி, இங்கே போடு என்று விரலால் காட்டுவார் கையெழுத்து வாங்குகிற ஆபீசர். நாங்களும் குளிரை அனுபவித்துக்கொண்டே போட்டோம். பத்தொன்பது வருஷம், பத்தொன்பது கையெழுத்து. என் காது நன்றாக இருக்கிறது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் ஒரு டம்ளரைப் போட்டு உடைத்தேன். தெரிந்தேதான் உடைத்தேன்.

அக்டோபர் 9, திங்கள்

கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். அருள்ராஜ் சார் கூடவே வந்து பேசினார். தனியாக மாடி ஏறக்கூடாது, முத்தழகோடு ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. எங்களுக்கு அதுதானே வேண்டும்? காக்கி உடுப்பில் என் பெயரைத் தைத்திருக்கிறார்கள். காதுக் கருவிக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. இந்த நோட்டில் முன்பக்கம் முடிந்துவிட்டது, பின்பக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

நவம்பர் 6, திங்கள்

இன்றைக்கு வந்த வேலைச் சீட்டைப் படித்ததும் முத்தழகு கம்பெனி வண்டியில் ஏறாமல் நின்றுவிட்டாள். வேடசந்தூர் ரோடு, எங்கள் பழைய முதலாளியின் இரண்டாவது மில். மேனேஜர் அறை ஏசி குளிரவில்லை.

போனோம். முப்பதுக்கு மேல் வேண்டாம் என்ற அதே கேட் எங்களுக்குத் திறந்தது. அறைக்குள் எங்களிடம் கையெழுத்து வாங்கிய அதே ஆபீசர், இப்போது மேனேஜராகிவிட்டார். எங்களை அடையாளம் தெரியவில்லை. வருஷத்துக்கு அரை நிமிஷம் பார்த்த முகம், அதுவும் குனிந்த தலை. எப்படித் தெரியும்?

வெளி யூனிட்டின் முதுகு முழுக்கப் பஞ்சு. கம்பளி போர்த்திய மாதிரி அப்பியிருந்தது, மூச்சு விட வழியில்லை. தண்ணீர் அடித்துக் கழுவினோம், காயவிட்டு ஓட்டினோம். உள்ளே போய்க் குளிர் வருகிறதா என்று பார்த்தேன். ஜில்லென்று வந்தது. அவர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லியே" என்றார்.

ஏணியை மடக்கும்போது மேசையைப் பார்த்தேன். தாள் அடுக்கு. இந்தத் தடவை மேல்பாதியை யாரும் கையால் மறைக்கவில்லை. வருடாந்திர உடல் பரிசோதனை. கண், நார்மல். காது, நார்மல். எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி அச்சடித்தே வந்திருக்கிறது. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

"இங்க காதுக்கு வைக்கிறது குடுக்குறீங்களா சார்?"

"ஸ்டோர்ல கெடக்கு. அவளுக கேக்குறதில்ல." சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டார்.

அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் ஸ்பின்னிங். சத்தம் இந்தப் பக்கம் வராது, எனக்கோ எந்தப் பக்கமும் வராது. பதினெட்டு, இருபது வயசுப் பெண்கள் நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காதில்கூட ஒன்றும் இல்லை. ஒருத்தி இன்னொருத்திக்கு விரலை முறுக்கிக் காட்டினாள். எங்கள் பேச்சுதான். மாறவே இல்லை.

கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காக்கி போட்ட பொம்பளையை ஒரு பெண் வேடிக்கை பார்த்தாள். சொல்ல ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இத்தனை வருஷத்தில் மேனேஜரின் மூக்குக்கண்ணாடிக்குக்கூட சைகை வைத்திருந்த எங்களிடம் காதுக்கு ஒன்று இல்லை. அதனால் புதிதாகச் செய்தேன். இரண்டு விரலை இரண்டு காதிலும் வைத்து எடுத்தேன். கட்டை விரலை உள்ளங்கையில் தேய்த்தேன். கையை ஆட்டி, வேண்டாம் என்றேன். காது. கையெழுத்து. போடாதே.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மறுபடி செய்தேன். முத்தழகும் என் பக்கத்தில் வந்து நின்று செய்தாள். மூன்றாவது தடவை அந்தப் பெண் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி, அடுத்த மிஷினில் நின்றவளுக்கு அதையே செய்து காட்டினாள். அவள் அதற்கடுத்தவளுக்கு. வரிசையின் கடைசிவரை போய்ச் சேர்வதை நின்று பார்த்தேன்.

முத்தழகு என் தோளைத் தொட்டாள். பின்னால் மேனேஜர் கத்திக்கொண்டிருக்கிறார் என்று காட்டினாள்.

"எவ்வளவு நேரமா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நேரமாக்கா."

திரும்பினேன். முகம் சிவந்து, வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. வேலைச் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

"நல்லா படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்" என்றேன்.